இக்கரையில் செயல், அக்கரையில் சொல்

தொம். தொம். தொம்.

செவ்வாற்றங்கரையில் ஒரு காலத்தில் இப்படித்தான் பொழுது விடியும். கரையில் சாய்த்துவைத்த பரிசலின் ஈரத்தோலில் துடுப்பின் அடிக்கட்டை மூன்று முறை விழும். மூன்று தட்டு என்றால் பரிசல் போகிறது, வந்து ஏறு என்று அர்த்தம். ஒரே ஒரு தட்டு, அதன் பிறகு அமைதி என்றால், ஆறு சரியில்லை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அந்த ஆறு எப்போதோ திசை மாறிவிட்டது. அந்தத் தோலெல்லாம் மக்கி மண்ணாகிவிட்டது. கேட்டவர் சொல்ல, அதைக் கேட்டவர் சொல்ல, சத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கேளுங்கள், சத்தத்திலிருந்து கதைக்கு வருவோம்.

நெடுங்கோ என்றோர் அரசன் அந்த நாட்டை ஆண்டான். நல்லவன். தான் நல்லவன் என்று அவனும் நம்பினான், ஊரும் நம்பியது, பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. அவன் நாட்டை இரண்டாக வகுந்துகொண்டு செவ்வாறு ஓடியது. பாலம் கிடையாது. ஆலந்துறையில் பதினொரு பரிசல்கள் இருந்தன. மணமகளும் பிணியாளியும் மிளகு மூட்டையும் அவற்றில்தான் ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறெந்தத் துறையிலும் இல்லாத வழக்கம்.

பரிசல் புறப்படும் கரையில் ஓர் ஓலைக்காரர் இருப்பார். ஆற்றுக்குள் நட்ட நீர்க்கல்லில் தண்ணீர் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது, எந்த நாழிகையில் யார் தட்டினார், எத்தனை தட்டு, எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதி மரப்பெட்டியில் போடுவார். அது செயலோலை.

பரிசல் சேரும் கரையில் சொற்காவலர் இருப்பார். இறங்குகிற ஒவ்வொருவரும், தங்களைக் கொண்டுவந்து சேர்த்த பரிசல்காரரைப் பற்றி ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் படியேற வேண்டும். தை மாதத்தில் ஆறு இளைக்கும்போது, சொற்காவலர் அந்த ஆண்டு கேட்ட சொற்களையெல்லாம் மனதுக்குள் போட்டு அரைத்து, ஓர் ஆளுக்கு ஒரு சொல்லாகப் பிழிந்தெடுத்து எழுதி, செப்புப் பெட்டியில் போடுவார். அது சொல்லோலை.

மூன்று ஆண்டு தொடர்ந்து நல்ல சொல் பெற்றவருக்குத் தலைத்துடுப்பு கிடைக்கும். ஆறு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று எல்லாப் பரிசல்களுக்கும் சொல்கிற உரிமை அது. மூன்று ஆண்டு தொடர்ந்து கெட்ட சொல் பெற்றவரின் துடுப்பைத் துறையிலேயே முறித்துப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்த ஆள் செவ்வாற்றில் கைகூட நனைக்க முடியாது.

மரப்பெட்டி அக்கரைக்குப் போகாது. செப்புப் பெட்டி இக்கரைக்கு வராது. அரசனின் பாட்டனாருக்குப் பாட்டனார் அப்படி வைத்தார். செயலைப் பார்க்கிறவன் சாக்குப்போக்கும் கேட்க நேரிடும், சொல்லைக் கேட்கிறவனுக்கு அது வேண்டாம் என்று அவர் நினைத்தார். நல்ல எண்ணம்தான். அதனால் நூறு ஆண்டுகளாக அந்த இரண்டு ஓலைகளையும் அருகருகே வைத்து ஒருவரும் படித்ததில்லை.

கதை நடந்த காலத்தில் சேந்தனார் சொற்காவலராக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பரிசல்காரர் யார் வீட்டுக் கல்யாணத்திலும் சாப்பிட மாட்டார். ஒரு கெண்டை மீன்கூட யாரிடமும் வாங்கியதில்லை. தன் மைத்துனனுக்கே 'சோம்பல்' என்று எழுதி, அதனால் மனைவி மூன்று மாதம் அவரிடம் பேசாமல் இருந்தாள். தன் மனம் துடைத்து வைத்த தட்டு என்று அவர் நினைத்தார். அதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பதினொரு பரிசல்காரர்களில் பத்துப் பேர் ஆண்கள். பதினோராவது வெண்ணி.

வெண்ணி மலைப்பக்கத்துக்காரி. அங்கே வெள்ளத்தில் வருகிற மரக்கட்டைகளைப் பெண்களும் ஆண்களும் சேர்ந்தே பிடித்துக் கரையேற்றுவார்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்த மலையில் மழை என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பக்கத்துப் பரிசல் கீரனுடையது. நெட்டையன், நல்ல தோள், நல்ல குரல். இருவரும் ஒரே ஆண்டில் துடுப்பெடுத்தவர்கள். கீரன் இரண்டு வயது இளையவன் என்பதால் அவளை அக்கா என்பான்.

முதலாம் ஆண்டு ஐப்பசியில் ஆறு பெருகியது. நீர்க்கல்லில் ஆறாம் கோடு. ஏழாம் கோடு வரை போகலாம் என்பது துறையின் விதி; தலைத்துடுப்புக்காரரும் ஆற்றை மூடவில்லை. ஆனால் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழன்றது. வெண்ணி ஒரே ஒரு தட்டு தட்டினாள். கீரனும் ஒரே ஒரு தட்டு தட்டினான். இருவரும் அன்று போகவில்லை.

மறுநாள் அக்கரை சேர்ந்த ஜனங்கள் சொல் சொன்னார்கள். கீரனின் ஆட்கள், "நிதானம்" என்றார்கள். வெண்ணியின் ஆட்கள், "பயந்தாங்கொள்ளி" என்றார்கள்.

தை மாதம் சேந்தனார் எழுதினார். கீரனுக்கு 'நிதானம்'. வெண்ணிக்கு 'அச்சம்'.

வெண்ணி அவர் பந்தலுக்கு வந்தாள். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

"அச்சம்னு எழுதினீங்களாமே, ஐயா."

"ஜனங்கள் சொன்னார்கள், அம்மா. நானாக எழுதுவதில்லை."

"தப்புன்னு சொல்ல வரலை. துறைக்கு நான் புதுசு. அச்சப்படக் கூடாதுன்னா சொல்லிடுங்க, அடுத்த வருஷம் அச்சப்படலை. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்றே சேந்தனாருக்கும் தோன்றியது.

இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் மறுபடியும் ஆறாம் கோடு. இந்த முறை தண்ணீர் மேலே முரடாக இருந்தாலும் அடியில் சுழல் இல்லை. வெண்ணி மூன்று தட்டு தட்டினாள். கீரனும் மூன்று தட்டு தட்டினான். இரண்டு பரிசல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இரண்டிலும் எல்லோரும் தெப்பலாக நனைந்தார்கள். இரண்டும் பத்திரமாகக் கரை சேர்ந்தன.

படியேறிய கீரனின் ஆட்கள், "துணிவு" என்றார்கள். படியேறிய வெண்ணியின் ஆட்கள், "திமிர்" என்றார்கள்.

தை மாதம் கீரனுக்குத் 'துணிவு' எழுதியாயிற்று. வெண்ணிக்குத் 'திமிர்' எழுதியாயிற்று. ஓலையைப் பெட்டியில் போடும்போது சேந்தனாருக்கு ஏதோ உறுத்தியது. காலில் முள் ஏறி, எந்த இடம் என்று தெரியாமல் தடவிப் பார்ப்பதுபோல யோசித்தார். தட்டுப்படவில்லை.

வெண்ணி இந்த முறை சிரித்துக்கொண்டே வந்தாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

"போன வருஷம் போகலை, அச்சம்னீங்க. இந்த வருஷம் போனேன், திமிர்ங்கிறீங்க. அச்சத்துக்கும் திமிருக்கும் நடுவுல ஏதாவது வழி இருந்தாச் சொல்லுங்க ஐயா. ஆத்துக்கு நடுவுலயே வழி கண்டுபிடிக்கிறவ நான், இதையும் கண்டுபிடிச்சுக்குவேன்."

அவள்மேல் சேந்தனாருக்குக் கோபமில்லை. உதவத்தான் நினைத்தார்.

"ஒருவேளை பேசுகிற விதமோ என்னவோ, அம்மா. கொஞ்சம் இனிமையாகப் பேசிப் பாரேன்."

"சரி ஐயா" என்றாள். போகும்போது திரும்பிப் பார்த்து, "இன்னும் ஒரு கெட்ட சொல் வந்தா என் துடுப்பை முறிச்சிடுவாங்க. தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்."

"எனக்கு வேற தொழில் தெரியாது. அதுக்குத்தான் கேட்டேன்."

மூன்றாம் ஆண்டு வெண்ணி இனிமையாகப் பேசினாள். ஏறுங்க தாயி, பார்த்து உக்காருங்க அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா மாமா. பரிசல் எவ்வளவு தாங்கும் என்று தெரியாதவர்கள் அதில் நின்றுகொண்டு கதை பேசினார்கள். இறங்கியதும், "தெம்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பக்கத்துப் பரிசலில் கீரன் வழக்கம்போல, "உக்காரும் ஓய்! சொன்னாக் கேக்க மாட்டீரா?" என்று அதட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் திட்டு வாங்கியவர்கள், "கட்டுப்பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மார்கழியில் ஒருநாள் நடு ஆற்றில் ஒரு வெற்றிலை வியாபாரி எழுந்து நின்றார். கூடை நழுவுகிறதாம். பரிசல் ஒருபக்கம் சாய்ந்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே கொட்டியது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி வீறிட்டாள்.

"உக்காருய்யா கீழே!"

வெண்ணியின் குரல் இரண்டு கரைக்கும் கேட்டது. வியாபாரி பொத்தென்று உட்கார்ந்தார். பரிசல் நிமிர்ந்தது. கூடை மட்டும் ஆற்றோடு போயிற்று. பதினான்கு பேரும் கரையேறினார்கள். அந்தப் பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் சேந்தனாரின் காதில் ஒரே சொல்லைச் சொன்னார்கள்.

"வாயாடி."

பதின்மூன்றாவது கைக்குழந்தைக்காரி. அவள் ஒன்றும் சொல்ல முடியாமல் அழுதாள். வெற்றிலை வியாபாரி, "ராட்சசி" என்றார்.

தை பிறக்கப் பத்து நாள் இருந்தது. அந்த ஆண்டு பழைய தலைத்துடுப்புக்காரர் முதுகு வளைந்து ஓய்ந்துவிட்டார். தை முழுநிலவன்று அரசனே ஆலந்துறைக்கு வந்து, புதிய ஆளுக்குத் தலைத்துடுப்பைக் கொடுப்பதாக இருந்தது. கெட்ட சொல் மூன்று சேர்ந்தவரின் துடுப்பும் அன்றைக்கே முறிபடும்.

சேந்தனாருக்கு உறக்கம் போயிற்று. கீரனுக்குக் 'கட்டுப்பாடு' என்று எழுதிவிட்டார். வெண்ணியின் ஓலையை எடுப்பார், எழுத்தாணியை வைப்பார், எடுத்துவிடுவார். பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. இப்போதும் மாற்றப் போவதில்லை. ஆனால் அந்த முள் எங்கே இருக்கிறது?

முதலில் அவர் ஜனங்களைக் கேட்டார்.

வெண்ணியின் பரிசலில் போன ஒரு படைவீரனைக் கேட்டார். "போன ஆண்டுக்கு முந்திய ஆண்டு ஐப்பசியில் அவள் போகவில்லையே, ஏன் பயந்தாங்கொள்ளி என்றாய்?"

"பயந்தாள், சொன்னேன்" என்றான் வீரன்.

"அன்று கீரனும் போகவில்லையே?"

"அப்படியா?" என்றான். அதற்கு மேல் அவனுக்கு அதில் அக்கறை இல்லை.

ஒரு மிளகு வணிகரைக் கேட்டார். வணிகர் நெற்றியைச் சுருக்கினார். "கீரன் போகவில்லை என்றால் ஆற்றில் ஏதோ இருந்திருக்கும்."

"அதே ஆறுதானே ஐயா அவளுக்கும்?"

வணிகர் மூட்டையைத் தோளில் ஏற்றினார். சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

பிறகு தயிர் விற்கும் மருதியைக் கேட்டார். தினமும் ஆற்றைக் கடக்கிறவள், அறுபது வயதுக்காரி. பெண்ணாயிற்றே, இவள் விளக்குவாள் என்று நம்பினார்.

"திமிர் பிடிச்சவதான்" என்றாள் மருதி. "அன்னைக்கு என்னை முழுக்க நனைச்சிட்டா. தயிரெல்லாம் தண்ணி."

"கீரன் பரிசலிலும் எல்லோரும் நனைந்தார்களே?"

"அவன் போனான்னா ஏதாவது காரணம் இருக்கும்ல?"

"இவளுக்குக் காரணம் இருக்காதா?"

மருதி தயிர்ப்பானையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"இருந்திருக்கும். ஆனா கேக்கணும்னு தோணலையேப்பா" என்றாள். அதை அவள் வருத்தமாகச் சொன்னாளா, எரிச்சலோடு சொன்னாளா என்று சேந்தனாருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் செப்புப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு துறைக்கு இறங்கினார். அந்தப் பெட்டி ஆற்றைக் கடக்கப் போவது அதுவே முதல் முறை. கரையில் அப்போது நின்றது வெண்ணியின் பரிசல்தான். அவள் பெட்டியைப் பார்த்தாள். ஏறிக்கொள்ள இடம் விட்டாள்.

பரிசல் நகர்ந்தது. சேந்தனார் பெட்டியைத் தலையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். அரசனின் பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

"உக்காருங்க ஐயா! தலையில பெட்டி, கீழே பள்ளம், நின்னுக்கிட்டு என்ன வேடிக்கை?"

அவர் உட்கார்ந்தார். உட்காரும்போதே, அவருக்குள்ளே எங்கிருந்தோ ஒரு சொல் மேலே மிதந்து வந்தது.

என்ன வாய் இவளுக்கு!

சேந்தனார் திடுக்கிட்டார். போன ஆண்டு அண்ணன் வீட்டுக்குப் போகும்போது கீரன் அவரை இதைவிடக் கடுமையாக அதட்டியிருந்தான். "பெரிய மனுஷன்னு பாக்கிறேன், இல்லேன்னா ஆத்துல தள்ளியிருப்பேன், உக்காரும்!" என்றான். அன்று அவர் மனதில் மிதந்து வந்தது வேறு சொல். பொறுப்பானவன்.

இன்று அவர் காதில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜனங்கள் இல்லை. சொன்னது அவரேதான். துடைத்து வைத்த தட்டில் எப்போது யார் வந்து பரிமாறினார்கள்? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இக்கரையில் ஓலைக்காரர் அத்தியன் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன சேந்தனாரே, பெட்டியோடு வீட்டை விட்டு ஓடி வந்துவிட்டீரா? மனைவி மறுபடியும் பேசவில்லையா?"

"கேலி இருக்கட்டும். உம்முடைய மரப்பெட்டியைத் திறவும்."

இரண்டு பேரும் மணலில் பாய் விரித்து ஓலைகளை அருகருகே வைத்தார்கள். ஐப்பசி, ஆறாம் கோடு, ஒரு தட்டு: இவனுக்கு நிதானம், இவளுக்கு அச்சம். கார்த்திகை, ஆறாம் கோடு, மூன்று தட்டு: இவனுக்குத் துணிவு, இவளுக்குத் திமிர். மார்கழி, ஓலையில் இல்லாவிட்டாலும் இரண்டு கரைக்கும் கேட்ட அதட்டல்: இவனுக்குக் கட்டுப்பாடு, இவளுக்கு ஜனங்கள் சொன்ன வாயாடி.

அத்தியனின் கேலி நின்றுவிட்டது. அவர் ஓலைகளை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதைப் பாரும்" என்றார். "நாழிகையைப் பாரும். நான் எழுதியதுதான். நானே இதுவரை கவனித்ததில்லை. ஒவ்வொரு முறையும் வெண்ணி தட்டிய பிறகுதான் கீரன் தட்டியிருக்கிறான்."

தை முழுநிலவு நாள் வந்தது. அரசன் அமைச்சரோடு வந்தான். மணலில் பந்தல் போட்டார்கள். பதினொரு பரிசல்காரர்களும் தங்கள் துடுப்பை ஊன்றி நின்றார்கள். வெண்ணி கடைசியில் நின்றாள். துடுப்பை முறிப்பதற்கென்று ஒரு கருங்கல்லை உருட்டிவந்து முன்னால் போட்டிருந்தார்கள். அவள் அந்தக் கல்லைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேந்தனார் எழுந்து கும்பிட்டார்.

"அரசே, கடைசிச் சொல்லை எழுதுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். மூன்று செயல்களைப் பெயர் இல்லாமல் படிக்கிறேன். தாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் அருள வேண்டும்."

அரசனுக்கு இந்த மாதிரி விளையாட்டு பிடிக்கும். "படியும்" என்றான்.

"ஆறாம் கோட்டில் தண்ணீர். போகலாம் என்பது விதி. ஆனால் சுழலைக் கண்டு ஒரு பரிசல் போகவில்லை."

"நிதானம்!" என்றான் அரசன்.

"மறு ஆண்டு அதே ஆறாம் கோடு. சுழல் இல்லை. அந்தப் பரிசல் போனது, கரை சேர்ந்தது."

"துணிவு!"

"நடு ஆற்றில் ஒருவர் எழுந்து நின்றார். ஓர் அதட்டலில் அவரை உட்காரவைத்துப் பதினான்கு பேரும் கரை சேர்ந்தார்கள்."

"கட்டுப்பாடு! இதில் என்ன சந்தேகம்? இந்த ஆளுக்கே தலைத்துடுப்பைக் கொடுங்கள்!"

கூட்டம் ஆரவாரித்தது. சேந்தனாருக்கு நெஞ்சு இறகாயிற்று. முள்ளை எடுத்துவிட்டோம் என்று நினைத்தார்.

"இம்மூன்றும் வெண்ணி செய்தவை, அரசே."

ஆரவாரம் நின்றது. எல்லோரும் வரிசையின் கடைசியைப் பார்த்தார்கள்.

"வெண்ணியா?" என்றான் அரசன். "அந்தப் பெண்ணா?" தாடியைத் தடவினான். "அப்படியென்றால்… முதலாவதில் கொஞ்சம் அச்சமும் கலந்திருக்க வேண்டும். இரண்டாவதில்… அத்தனை உயிர்களை வைத்துக்கொண்டு போவதென்றால் அது கொஞ்சம் திமிர்தானே? மூன்றாவதில் குரல் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது."

"இப்போதுதானே அரசே, துணிவு என்றீர்கள்?"

"என்றேன்."

"செயல் மாறவில்லையே?"

"மாறவில்லை" என்றான் அரசன். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. "சொல்தான் மாறுகிறது. எனக்கே ஏன் என்று தெரியவில்லை, சேந்தனாரே."

அத்தியன் முன்னால் வந்து நாழிகைக் கதையைச் சொன்னார். அரசன் கீரனைக் கூப்பிட்டான். "உண்மையா? அவள் தட்டிய பிறகுதான் நீ தட்டினாயா?"

கீரன் தலையைச் சொறிந்தான். இதில் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

"ஆமாங்க அரசே. அக்கா தட்டினா நானும் தட்டுவேன். ஒண்ணு தட்டினா ஒண்ணு, மூணு தட்டினா மூணு. அக்காவுக்கு ஆறு தெரியும். எனக்கு அக்காவைத் தெரியும். துறையில எல்லாரும் அப்படித்தானே?"

மற்ற ஒன்பது பேரும் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

அரசனின் முகம் மலர்ந்தது. குழப்பத்திலிருந்து வெளியே வர அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"பார்த்தீர்களா! ஒரு பெண்ணிடமிருந்துகூடக் கற்றுக்கொள்கிறான். அதைச் சபையில் ஒப்புக்கொள்கிறான். எவ்வளவு பணிவு! நிதானம், துணிவு, கட்டுப்பாடு, இப்போது பணிவும் சேர்ந்துவிட்டது. தலைத்துடுப்புக்கு இவனைவிட யார் இருக்கிறார்கள்?"

கூட்டம் மறுபடியும் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவில் வெண்ணி சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. துடுப்பைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அரசன் முன்னால் பல்லைக் காட்டுகிறாள் பார்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அமைச்சர் தொண்டையைக் கனைத்தார். "சொற்காவலரே, நேரமாகிறது. வெண்ணியின் மூன்றாவது சொல்?"

சேந்தனார் ஓலையை எடுத்தார். நல்ல சொல் எழுதலாம். ஆனால் ஜனங்கள் சொல்லாததை எழுதினால் அது பொய். கெட்ட சொல் எழுதலாம். ஜனங்கள் சொன்னார்கள், ஆனால் அதுவும் பொய் என்று இப்போது தெரியும். தன் மனதைக் கேட்கலாம் என்றால், அதே மனம்தான் பரிசலில் உட்காரும்போது 'என்ன வாய்' என்றது. கருங்கல்லைப் பார்த்தார். அவள் கையிலிருந்த துடுப்பைப் பார்த்தார். பிறகு எழுதி நீட்டினார்.

அமைச்சர் உரக்கப் படித்தார். "மார்கழி பதினொன்றாம் நாள். வெண்ணி. ஏறியவர் பதினான்கு. இறங்கியவர் பதினான்கு." ஓலையைத் திருப்பிப் பார்த்தார். "சொல் எங்கே?"

"தெரியவில்லை" என்றார் சேந்தனார். "அவளுக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைத்தான் எழுத முடிந்தது."

வழக்கத்தில் இதற்கு இடமே இல்லை. அமைச்சர் ஓலைகளைப் புரட்டினார், அரசனின் காதில் பேசினார், மறுபடியும் புரட்டினார். முடிவில் தீர்ப்பு வந்தது. கெட்ட சொல் இரண்டுதான் இருக்கிறது, ஆகவே துடுப்பை முறிக்க முடியாது. நல்ல சொல் ஒன்றும் இல்லை, ஆகவே தலைத்துடுப்பு இல்லை. சொல் எழுதத் தெரியாத சொற்காவலருக்கு இனி அந்தப் பதவியும் இல்லை.

கருங்கல்லை உருட்டிக்கொண்டு போனார்கள்.

கீரன் தலைத்துடுப்பை வாங்காமல் வெண்ணியைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா…" என்றான்.

"வாங்கிக்கடா" என்றாள் அவள். "கனமா இருக்கும். காலை நல்லா ஊணிக்க."

கூட்டம் கலைந்த பிறகு வெண்ணிதான் சேந்தனாரை அக்கரையில் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது வழக்கப்படி அவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். கேட்கப் பந்தலில் யாரும் இல்லை. படியில் நின்று யோசித்தார்.

"நீ என்னதான் செய்திருக்க வேண்டும், வெண்ணி? போயிருக்க வேண்டுமா, நின்றிருக்க வேண்டுமா? அதட்டியிருக்க வேண்டுமா, கூடாதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை."

"அதைத்தானே ஐயா மூணு வருஷமா நான் உங்களைக் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் வெண்ணி. துடுப்பை ஊன்றிப் பரிசலைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சேந்தனார் வீட்டுக்கு நடந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குள் ஒரு சொல் மிதந்து வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் நின்று, இதை யார் சொல்வது என்று தன்னையே கேட்டார். அன்று வீடு சேர அவருக்கு வெகுநேரமாயிற்று.

கேட்டுக்கொண்டிருந்தவர்களே, இந்தக் கதை சொல்வது இது: ஒருவர் செய்ததற்குக் காரணம் தேடிவிட்டு, அதையே செய்த இன்னொருவருக்குக் குணத்தை ஒட்டிவைக்கிறவர், எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் அநியாயமே செய்கிறார்.

வெண்ணி அதே ஆலந்துறையில் இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் பரிசல் ஓட்டினாள். தலைத்துடுப்பு கடைசி வரை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் பரிசலில் ஏறிய ஒருவர்கூட ஆற்றில் மூழ்கவில்லை.